அடியைப் பார்த்து வாங்கிய வேகன்: 1907-க்கு ஒரு மாதிரி ரயில் சேர்த்த கதை

மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டியில் ‘எதை எடுத்தாலும் நாலு டாலர்’ என்று எழுதியிருந்தது. மேசைமேல் பளபளப்பாக நின்ற வண்டிகளை எல்லாம் பார்த்து முடித்து, அதில் ஒன்றுகூட என் காலத்துக்கு ஆகாது என்று தெரிந்த பிறகுதான் குனிந்தேன். மேரிலாந்தில் டிமோனியம் கண்காட்சித் திடலில் நடக்கும் மாதிரி ரயில் சந்தை அது. பெட்டிக்குள் கைவிட்டு அளைந்தபோது 36 அடி மூடிய வேகன் ஒன்று கிடைத்தது. ஹெச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. நீளம் ஐந்து அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. ஏணியில் இரண்டு படி உடைந்திருந்தது, ஒரு பக்கம் கப்ளிங் இல்லை, கூரை நடைபலகை வளைந்திருந்தது. திருப்பி அடியைப் பார்த்தேன். நீளவாக்கில் நாலு கம்பி ஓடுவதற்கான இடம் அச்சாக இருந்தது. உடனே வாங்கிவிட்டேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்கு மாதிரி ரயில் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கூரையையும் வண்ணத்தையும் விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு வேகனின் காலம் அதன் அடியில்தான் இருக்கிறது.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். வீட்டின் கீழ்த்தளத்தில் 11 அடி நீளத்துக்குச் சுவரோடு ஒரு பலகை அடித்து, அதில் கற்பனையாக ஒரு சின்ன நிலக்கரிக் கிளைப்பாதை போட்டிருக்கிறேன். அது ஒரு முனையில் பென்சில்வேனியா ரயில்ரோடோடு சேர்கிறது. ஆண்டு 1907. இந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று; அதற்குக் காரணமும் உண்டு.

அமெரிக்காவில் 1893-இல் ரயில் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளிங்கும் காற்று பிரேக்கும் கட்டாயம் என்றது. ரயில்வேக்கள் அவகாசம் கேட்டுக் கேட்டு, 1900-இல்தான் அது முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தொழிலாளி இரண்டு வேகனுக்கு நடுவில் நின்று, வளையத்தைப் பிடித்து ஆணியைச் சொருக வேண்டும். எத்தனையோ பேருக்கு விரலும் கையும் அதில்தான் போயின. மாதிரி உலகிலும் அந்த வளையமும் ஆணியும் பெரிய தொல்லை. நம்பகமாக வேலை செய்யாது. 1900-க்குப் பிறகு என்றால் முஷ்டி வடிவக் கப்ளிங் போடுவது சரித்திரப்படியும் சரி, ஓட்டவும் சுலபம். அது கீழ் எல்லை.

மேல் எல்லை 1911. கைப்பிடிகளும் ஏணிகளும் எங்கெங்கே எத்தனை இருக்க வேண்டும் என்று அரசு அந்த ஆண்டு ஒரே அளவுகோல் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு ரயில்வேயும் தனக்குத் தோன்றிய இடத்தில் கைப்பிடி வைத்தது. அந்த வேறுபாடு எனக்குப் பிடிக்கும். ஒரே ரயிலில் பத்து வேகன் போனால் பத்தும் பத்து மாதிரி இருக்கும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில், மர வேகன்களோடு புது எஃகு வேகன்களும் கலந்து ஓடிய நேரம் 1907.

கடைகளில் கிடைப்பதோ வேறு. சந்தையில் இரண்டு காலத்துக்குத்தான் சரக்கு அதிகம். ஒன்று, வைரக்கல் வடிவப் புகைபோக்கியும் பித்தளைப் பட்டையும் சிவப்புச் சக்கரமுமாக வரும் 1870-கள். இன்னொன்று, முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம். 1917 டிசம்பரில் அமெரிக்க அரசு ரயில்வேக்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்காக அமைத்த நிர்வாகம் 1918-இல் எல்லோருக்கும் பொதுவான இன்ஜின், வேகன் வடிவங்களை வகுத்தது. அவை எங்கும் ஓடின என்பதால் மாதிரி செய்பவர்களுக்கும் வசதி. ஒரே அச்சில் செய்து ஐம்பது ரயில்வேயின் பெயரில் விற்கலாம். அதனால் ‘பழைய நீராவி’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் 1918-க்குப் பிந்தையது. நானும் அழகான 2-8-2 மிக்காடோ இன்ஜின் ஒன்றை (முன்னால் 2, நடுவில் இயக்கும் 8, பின்னால் 2 என்று சக்கர எண்ணிக்கை) வாங்கக் கையில் எடுத்துவிட்டேன். அந்த அரசு வடிவத்தில் வந்த முதல் இன்ஜின், பால்டிமோர் அண்ட் ஓஹையோவின் 4500-ஆம் எண், 1918-இல் பால்டுவின் ஆலையில் செய்தது. இன்றும் பால்டிமோர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது நினைவுக்கு வந்ததும் கீழே வைத்துவிட்டேன். பதினோரு ஆண்டு தள்ளிப்போகிறது.

சரி, அடியில் என்ன பார்ப்பது? முதலில் கம்பிகள். மரச் சட்டத்தில் செய்த வேகன், சுமை ஏற ஏற நடுவில் தொய்யும். அதைத் தாங்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடியில் இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி, நடுவில் முறுக்கித் திருகும் டர்ன்பக்கிள் போட்டிருப்பார்கள். தொய்வு விழுந்தால் பணிமனையில் திருகி நிமிர்த்துவார்கள். கம்பி இருந்தால் மரச் சட்டம். அடுத்தது போகி, அதாவது வேகனின் இரு முனையிலும் சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம். தட்டைப் பட்டைகளை வளைத்து போல்ட் போட்டு முடுக்கிய ஆர்ச்பார் போகி என்றால் நல்லது. ஒரே வார்ப்பாகச் செய்த பக்கச்சட்டம் என்றால் அநேகமாகப் பிந்தையது. மூன்றாவது பிரேக். சிலிண்டரும் காற்றுத் தொட்டியும் ஒன்றாக ஒட்டிய ஒரே உருளை என்றால் பழையது. மூன்று தனித்தனி உறுப்புகளாகத் தொங்கினால் அது 1930-களில் வந்த ஏ.பி. பிரேக். கடைசியாக நீளமும் சுமையும். 1907-இல் 36 அடி, 60,000 பவுண்டு என்பது சாதாரணம். 40 அடி வேகன் பெருகியது அப்புறம்தான்.

இப்படிப் பார்த்தால் பல ‘பழைய’ மாதிரிகள் தானாகக் கழன்றுவிடும். பெரிய விளம்பரப் படத்தோடு வரும் குளிர்பதன வேகன்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றில் பலவும் 1920-களின் வண்ணங்கள். அக்யூரெய்ல் விற்கும் ஃபவ்லர் வகை 36 அடி வேகன் நல்ல மாதிரி, விலையும் குறைவு. ஆனால் அசல் 1907-க்கு அப்புறம் வந்தது. உங்கள் ஆண்டு 1912 என்றால் தயங்காமல் வாங்கலாம். எனக்கு ஆனவை மூன்று வழிகளில் வந்தன: ரவுண்ட்ஹவுஸ் நிறுவனத்தின் பழைய கிட்கள் (நாமே சேர்த்துக் கட்டும் உறுப்புத் தொகுதிகள்), வெஸ்டர்ஃபீல்டின் ரெசின் கிட்கள், பவுசரின் எஃகு ஹாப்பர், அதாவது நிலக்கரியை அடிவழியாகக் கொட்டும் திறந்த வேகன். ரவுண்ட்ஹவுஸ் 2004-இல் ஆதர்ன் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் அதற்கு முந்தைய கிட்கள் சந்தைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. ரெசின் கிட் அருமையானது, ஆனால் விலை அதிகம், ஒரு வேகனுக்கு ஒரு மாத மாலைகள் போகும். அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நாலு டாலர் வேகனுக்கு வருகிறேன்.

முதல் வேலை எடை. அமெரிக்க மாதிரி ரயில்காரர்களின் தேசிய சங்கம் 1935-இல் தொடங்கியது. அது பரிந்துரைக்கும் கணக்கு எளிது. ஹெச்.ஓ. அளவில் அடிப்படை ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஐந்து அங்குல வேகனுக்கு மூன்றரை அவுன்ஸ், சுமார் 99 கிராம். சமையலறைத் தராசில் வைத்தேன், 62 காட்டியது. கார் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டுவார்களே, அந்த 7 கிராம் எஃகுத் துண்டுகள் ஐந்தை உள்தரையில் போகிகளுக்கு மேலாகப் பிரித்து ஒட்டினேன். 97 ஆயிற்று. மீதி வண்ணமும் உலோகச் சக்கரமும் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, கம்பிகள். அசலில் ஒன்றேகால் அங்குலம் பருமன் என்றால் நம் அளவில் 0.36 மில்லிமீட்டர். அதற்குத் தூண்டில் நரம்புதான் சரி. டிச்சி நிறுவனத்தின் பிளாஸ்டிக் டர்ன்பக்கிள்களை 0.4 மில்லிமீட்டர் பிட்டால் விரலிலேயே உருட்டித் துளைத்து, நரம்பில் மணிபோலக் கோத்து, குறுக்குச் சட்டத்தில் நிற்கும் குட்டைக் கால்களின் மேல் வளைத்து இழுத்தேன். நன்றாக நேராக நிற்கட்டும் என்று வீணைத் தந்திபோல முறுக்கி, சூப்பர் க்ளூ வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் வேகனின் தரையே வில்லாக வளைந்து நடுவில் மேலே எழும்பியிருந்தது. அசல் கம்பி செய்யும் வேலையை நரம்பும் செய்திருக்கிறது. ஆனால் இங்கே தூக்குவதற்கு எதிராகச் சுமை இல்லை. நாலையும் அறுத்தேன். தரையின் உள்பக்கம் நீளவாக்கில் பித்தளைப் பட்டை ஒன்றை ஒட்டி விறைப்பாக்கி, நரம்பைத் தொய்வு மறையும் அளவுக்கு மட்டும் இழுத்து மறுபடி கட்டினேன். நரம்பின் மினுமினுப்புப் போக, கட்டுமுன் உப்புத்தாளுக்கு நடுவில் இரண்டு தடவை உருவிவிடுங்கள். இல்லாவிட்டால் வண்ணம் சுருண்டு உரிந்துவிடும்.

பிரேக்குக்கு அதே டிச்சியின் கே வகைத் தொகுதி, முன்பு சொன்ன ஒற்றை உருளைப் பழையது. நெம்புகோல்களையும் இழுகம்பிகளையும் 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் வளைத்தேன். தண்டவாளத்தில் நிற்கும்போது இதில் பாதி தெரியாது. ஆனாலும் ஹாப்பர்களுக்கு நடுவில் வேகன் போகும்போது பக்கவாட்டில் நிழல் விழுமே, அந்த நிழலில் தெரியும். எனக்கு அது போதும்.

கைப்பிடிகளில்தான் நேரம் போயிற்று. கிட்டில் கைப்பிடிகள் பக்கப்பலகையோடு சேர்ந்தே வார்ப்பாக வருகின்றன. கூர்மையான உளியால் ஒவ்வொன்றாகச் செதுக்கி, பலகை இடுக்குகளை ஊசியால் மறுபடி கீறி எடுத்தேன். எத்தனை கைப்பிடி, எங்கே? அதற்கு வழிகாட்டி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி புகைப்படத் தொகுப்பு. கண்ணாடித் தட்டில் எடுத்தவை, அதனால் கணினியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஆணித்தலை வரைக்கும் தெரிகிறது. துறைமுகத்தையோ தெருவையோ எடுத்த படத்தின் ஓரத்தில் எதேச்சையாக நிற்கும் வேகன்தான் எனக்குப் பொன். அப்படி ஒரு படத்தைப் பார்த்து, ஒரு பக்கத்துக்கு இரண்டே கைப்பிடி, முகப்பில் ஏணி என்று வைத்தேன். கூரைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் கை பிரேக் சக்கரத்துக்கு அரை மில்லிமீட்டர் கம்பி. ஓடும் ரயிலில் கூரை நடைபலகையில் நடந்துபோய் அந்தச் சக்கரத்தைத் திருகிய பிரேக்மேன்களை நினைத்தால், அந்தப் பலகையை வளைந்தபடி விட மனம் வரவில்லை. மெல்லிய மரச்சீவலில் புதிதாகச் செய்து வைத்தேன்.

கப்ளிங் கேடீ நிறுவனத்தின் 158-ஆம் எண். தலை அளவு அசலுக்கு நெருக்கமாக இருக்கும். கேடீயின் 205-ஆம் எண் உயர அளவியில் வைத்துப் பார்த்தால் முக்கால் மில்லிமீட்டர் தாழ்வு. போகிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் ஃபைபர் வாஷர் இரண்டு போட்டதும் நேரானது. சக்கரம் அசலில் 33 அங்குலத்துக்கான உலோகச் சக்கரம், இன்டர்மவுண்டன் நிறுவனத்தினது. பழைய போகியின் கூம்புக் குழியில் புது அச்சு இறுகியது. அந்தக் குழியைச் சீராக்கவே விற்கும் சின்னத் திருகுகருவியை இரண்டு சுற்றுச் சுற்றியதும், ஊதினாலே உருண்டது.

வண்ணம் நம் ஊர் கிரில் கதவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடுதான், கொஞ்சம் பழுப்பு கலந்து. வெள்ளை எழுத்து வீட்டு அச்சுப்பொறியில் வராது என்பதால், தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாளில் ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன். அந்தக் காலத்தில் ரயில்வேயின் முழுப்பெயரையும் எழுதுவது வழக்கம். ஆகவே இரண்டு மாலை.

ஹாப்பர்கள் சுலபம். பென்சில்வேனியா ரயில்ரோடின் ஜி.எல்.ஏ. வகை எஃகு ஹாப்பர் 1904 முதல் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. பவுசர் கிட்டை அப்படியே கட்டி, பிந்தைய கால எழுத்துகளை ஆல்கஹாலில் துடைத்தெடுத்து, கப்ளிங் மாற்றினேன். இரண்டு ஹாப்பர், ஒரே சனிக்கிழமை.

இன்ஜின் அப்படி முடியவில்லை. முதலில் பென்சில்வேனியா ரயில்ரோடின் 2-8-0 (பின்சக்கரம் இல்லாத வகை) ஒன்று வேண்டும் என்று ஆசை. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மாநில ரயில் அருங்காட்சியகத்தில் 2846 நிற்கிறது. ஹெச்6 குடும்பம், 1905-இல் பால்டுவின் செய்தது. அதன் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் ஆசையை மாற்றிக்கொண்டேன். கொதிகலனின் பின்பாதி, நெருப்புப்பெட்டிக்கு மேல், உருண்டையாக இல்லாமல் தோள்பட்டைபோல் சதுரமாக எழும்புகிறது. பெல்பேர் என்பார்கள், பென்சில்வேனியாவின் அடையாளமே அதுதான். உருண்டைக் கொதிகலன் உள்ள பொது மாதிரிக்கு அந்தப் பெயரை எழுதினால் தெரிந்தவர் கண்ணுக்கு முதல் பார்வையிலேயே தவறு. என் கிளைப்பாதை கற்பனைதானே. அதன் சொந்த இன்ஜினாக ஒரு பொதுவான 2-8-0 போதும் என்று முடிவெடுத்தேன்.

ஒருவரிடம் பழையது ஒன்று கிடைத்தது. சக்கரங்களுக்கு வெளியே வால்வுக் கம்பிகள் ஆடாத வகை. அதாவது ஸ்டீவன்சன் முறை, எல்லாம் சட்டத்துக்குள். வெளியே ஆடும் வால்ஷார்ட்ஸ் முறை அமெரிக்காவில் பரவியது 1905-ஐ ஒட்டித்தான். கிளைப்பாதையில் ஓடும் பழைய இன்ஜினுக்கு உள்முறையே பொருத்தம். ஓட்டிப் பார்த்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்று தாண்டியது. அடித்தகட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது: அச்சில் இறுக்கிய பிளாஸ்டிக் பல்சக்கரம் நடுத்துளையிலிருந்து விரிசல் விட்டு, ஒரு பல்லிடுக்கு அகன்றிருந்தது.

ஒட்டவைப்பது வீண், இறுக்கம்தான் அதை உடைத்தது, ஒட்டினால் மறுபடி உடைக்கும். புதிதாக வாங்க அளவு வேண்டும். பற்கள் 20. விரிசலுக்குக் குறுக்கே அளந்தால் தவறு வரும் என்பதால் விரிசலைத் தவிர்த்த குறுக்களவு எடுத்தேன், 8.8 மில்லிமீட்டர். அதைப் பற்களோடு இரண்டு கூட்டி, அதாவது 22-ஆல் வகுத்தால் 0.4. அதுதான் பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல். நார்த்வெஸ்ட் ஷார்ட் லைன் என்ற உதிரிபாக நிறுவனத்தின் பித்தளைப் பல்சக்கரம் வாங்கினேன். என் இன்ஜினில் அச்சு ஒரே துண்டு, அதனால் பித்தளை போட முடிந்தது. சில மாதிரிகளில் அச்சு நடுவில் இரண்டு துண்டாகி, பிளாஸ்டிக் பல்சக்கரமே இரண்டையும் மின்சாரம் தொடாமல் பிரித்து வைக்கும். அங்கே பித்தளை போட்டால் நேரடி ஷார்ட்.

பல்சக்கரத்தை மாற்ற ஒரு பக்கச் சக்கரத்தை உருவ வேண்டும். உருவினால் இணைகம்பி மாட்டும் இடப்பக்க, வலப்பக்கக் கிராங்க் ஊசிகளுக்கு நடுவில் உள்ள 90 டிகிரி கலைந்துவிடும். அடையாளம் கீறித்தான் உருவினேன். திரும்ப அழுத்தும்போது அது நகர்ந்துவிட்டது. இணைகம்பி மாட்டியதும் சக்கரம் சிக்கிச் சிக்கி நின்றது.

அப்பா பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர், நீராவி இன்ஜின்களில் கைபட்டவர். வீடியோவில் காட்டினேன். “இதுல மோட்டார்தானே தள்ளுது? அப்போ தொண்ணூறு துல்லியமா இருக்கணும்னு இல்லப்பா. நிஜ இன்ஜின்ல ரெண்டு பிஸ்டனும் ஒரே நேரம் முனையில போய் நின்னுடக் கூடாதுன்னு தொண்ணூறு. உனக்கு நாலு அச்சும் ஒரே கோணத்துல இருந்தா போதும். கெடாத அச்சைப் பார்த்து இதைத் திருப்பு” என்றார். அதற்கப்புறம் பாதை தெரிந்தது. ஒரு பக்கத்திலிருந்து சக்கர ஆரங்களின் ஊடாக மறுபக்கத்து ஆரங்களைப் பார்த்தேன். மற்ற மூன்று அச்சிலும் ஆரங்கள் எப்படி ஒன்றுக்குப் பின் ஒன்று விழுகின்றனவோ, அப்படியே நாலாவதிலும் விழும்வரை, துணி சுற்றிய விரல்களால் இம்மி இம்மியாகத் திருப்பினேன். அப்பா போனை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மோட்டாரைக் கழற்றிவிட்டு, சாய்த்த கண்ணாடியில் வைத்தேன். சட்டமும் சக்கரங்களும் தானாக உருண்டு இறங்கின. “அவ்வளவுதான், லாக் பண்ணிடு” என்றார். துளி லாக்டைட் பசை வைத்து மூடினேன்.

பிறகு காலத் திருத்தம். கொதிகலன் மேலிருந்த மின் டைனமோவை அறுத்தெடுத்து, அரத்தால் தேய்த்து மட்டமாக்கினேன். சின்ன மின்விளக்கின் இடத்தில் எண்ணெய் விளக்குக்கான பெரிய சதுரக் கூண்டு, பித்தளை வார்ப்பு. உள்ளே மஞ்சள் எல்.இ.டி. ஒன்று வைத்து, மங்கலாக எரிய ரெசிஸ்டரைக் கூட்டினேன். எண்ணெய்த் திரி அவ்வளவுதான் எரியும்.

தண்டவாளம் கோட் 55. உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 55 பங்கு, அசலில் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அக்காலக் கிளைப்பாதையின் மெல்லிய தண்டவாளம். பழைய ஆழ விளிம்புச் சக்கரம் இதில் ஆணித்தலையில் இடித்துத் தடதடக்கும். நாலு டாலர் வேகனின் சக்கரத்தை மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் ஓட்டத்தில் இரண்டாவது ஹாப்பர் பாதை பிரியும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் தண்டவாளத்தை விட்டு இறங்கியது. சங்கத்தின் உலோக அளவியில் வைத்தால் ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும் உள்ளே நெருங்கியிருந்தது. திருகி இழுத்ததும் சரியானது. இப்போது இன்ஜின், மர வேகன், இரண்டு ஹாப்பர் நாலும் முனைக்கு முனை தடங்கலின்றிப் போய் வருகின்றன. கடைசியில் மாட்டக் கார்டு வண்டி இன்னும் இல்லை. அந்நாள் பென்சில்வேனியா பாதைகளில் ஓடிய நாலே சக்கரக் கேபின் கார் ஒன்று வேண்டும். ஜனவரியில் மாசசூசெட்ஸின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டு கண்காட்சிக்குப் போகிறேன். அங்கும் கிடைக்காவிட்டால் மரத்தில் கட்டுவதற்குப் பக்கச்சுவர் நாலையும் அளந்து வெட்டி வைத்திருக்கிறேன்.